மொட்டை மாடியில் அடைத்த கிழிசல்

அனுப்புநர்:
பூ. சகாதேவன் (வயது 47),
த/பெ. பூபதி,
புதுமேட்டுக்குப்பம்,
பழவேற்காடு அஞ்சல்,
பொன்னேரி வட்டம்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்,
காஞ்சிபுரம்.

பொருள்: விசைப்படகு ஏறிக் கிழிந்த வஞ்சிர வலை – விசாரணைக்காகச் சென்னை விடுதியில் பத்து நாள் தங்கியது – காத்திருந்த நாட்களில் கிழிசலை நாங்களே அடைத்துவிட்டது – அதனால் புகார் பொய் என்று தள்ளப்பட்டது – வலையை மறுபடி பார்வையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. விசாரணைத் தனி அலுவலரின் அழைப்பாணை, நாள் 24.6.85
2. மேற்படியாரின் உத்தரவு, நாள் 2.8.85
3. என் மனுக்கள், நாள் 8.8.85 மற்றும் 20.8.85 (பதில் வரவில்லை)

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இந்த விஷயத்தில் இது என் மூன்றாவது மனு. முதல் இரண்டையும் பொன்னேரியில் மனு எழுதும் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அவற்றில் நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன; நடந்தது மட்டும் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் இதை என் கையாலேயே எழுதுகிறேன். நீளமாக இருந்தால் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருக்கமாக எழுதிய இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை.

1. கடந்த 11.6.85 செவ்வாய்க்கிழமை, விடிந்து சற்று நேரத்தில், நானும் என் மைத்துனர் அங்கமுத்துவும் கட்டுமரத்தில் இருந்தபடி வஞ்சிர வலையைக் கடலிலிருந்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். முகத்துவாரத்துக்கு நேர் கிழக்கே, கரையின் சவுக்கு மரங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரம். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அப்படியும் ஒன்று வந்தது. நாங்கள் தோள் துண்டை வீசிக் காட்டினோம், தொண்டை கிழியக் கத்தினோம். பாதி வலை கட்டுமரத்தின் மேலும் பாதி தண்ணீரிலுமாக இருக்கையில் அது வலையின் மேலேயே ஓடிப் போயிற்று. எங்கள் வலை ஐந்து துண்டுகள் சேர்த்துக் கட்டியது. அதில் மூன்று துண்டுகள் பதினேழு இடங்களில் கிழிந்தன. ஒரு கிழிசலில் ஆள் குனியாமல் நுழைந்து போகலாம். படகின் எண்ணை முதல் புகாரிலேயே கொடுத்திருக்கிறேன்.

2. என் புகாரின் பேரில், "சேதமடைந்த பொருளுடன்" 8.7.85 திங்கள் காலை பத்தரை மணிக்குச் சென்னையில் ஆஜராகும்படி அழைப்பாணை வந்தது. புகாருக்கு அலைந்ததில் அலசக்கூட நேரம் இல்லாமல் மூட்டையாகவே கிடந்த வலையை ஓர் ஆள் தூக்க முடியாது. அங்கமுத்து ஏரியில் இறால் பிடிக்கப் போகாவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே என் மனைவி நாகம்மாள் கூட வந்தாள். வலையைப் பார்த்ததும் பேருந்து நடத்துநர் கதவைச் சாத்திக்கொண்டார். பழவேற்காட்டிலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிப் போகும் லாரியில் மேலே உட்கார்ந்து போனோம்.

3. விசாரணை அலுவலகம் கடைவீதியில் இல்லை. கீழ்ப்பாக்கம் பக்கம் குடித்தனக்காரர்கள் வாழும் ஒரு தெருவில், வாடகை பங்களா ஒன்றில் இருந்தது. நாங்கள் சரியாகப் பத்து மணிக்கே போய் நின்றோம். அதிகாரி சுற்றுப்பயணம் போயிருப்பதாகவும், மறுநாள் காலை கட்டாயம் பார்ப்பார் என்றும் அங்கிருந்த எழுத்தர் சொன்னார். வலையோடு ஊருக்குத் திரும்பி மறுபடி வருவது நடக்கிற காரியம் இல்லை. வலையை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டதற்கு, அலுவலகத்தில் இடம் இல்லை என்றார். சென்ட்ரல் பக்கம் இரண்டு லாட்ஜில் கேட்டோம். எங்களுக்கு இடம் உண்டு, மூட்டைக்கு இல்லை என்றார்கள். கடைசியில் அலுவலகத் தெருவிலேயே, ஓய்வு பெற்ற ஆசிரியை மார்கரெட் அம்மையார் தம் வீட்டின் மாடியில் நடத்தும் ஆறு அறை விடுதியில் இடம் கிடைத்தது. வலையை மொட்டை மாடியில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

4. அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் அந்தத் தெருவின் அமைதியும் ஒரு காரணம். இரு பக்கமும் தூங்குமூஞ்சி மரம். காலையில் பால்காரர், தபால்காரர். பிறகு ஒரு சத்தம் கிடையாது. மத்தியானம் யார் வீட்டிலோ தாளிப்பது நாலாவது வீட்டுக்குக் கேட்கும். எங்கள் குப்பத்தில் அத்தனை அமைதி என்றால் யாரோ இறந்துபோயிருக்க வேண்டும். அறைக் கதவின் உள்பக்கம் அம்மையார் ஒன்பது விதிகள் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார். அறையில் சமைக்கக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. பகல் ஒன்று முதல் நான்கு வரை குழாயைத் திறக்கக் கூடாது. நாகம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ இன்னாதான்யா செய்றது இங்க?" என்றாள். அதற்கு விதிகளில் பதில் இல்லை. அலைச் சத்தம் கேளாமல் எங்களுக்குத் தூக்கமும் சரியாக வரவில்லை. இருவரும் கட்டிலின் இரண்டு முனையில் உட்கார்ந்து எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

5. செவ்வாய் அன்று அதிகாரிக்குக் கூட்டம். புதன் அன்று என் கோப்பு வேறு மேஜைக்குப் போயிருந்தது. வியாழன் அன்று கோப்பு வந்துவிட்டது, அதிகாரி மறுபடி சுற்றுப்பயணம். தினமும் பத்து மணிக்குப் போய் நிற்போம். எழுத்தர் தலையைத் தூக்காமலே, "நாளைக்குக் காலையில வாங்க, கண்டிப்பா பாத்துடுவார்" என்பார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்காது. ஆனால் "ஒரு வாரம் கழித்து வா" என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது.

6. வெயிலில் கிடந்த வலை நாறத் தொடங்கியது. எங்கள் மூக்குக்கு அது நாற்றமாகத் தெரியவில்லை, அது எங்கள் குறைதான். வியாழன் மாலை எதிர்வீட்டிலிருந்து, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அம்மையாருக்கு ஒரு புகார்க் கடிதம் கொடுத்து அனுப்பினார். அம்மையார் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "வலை இருக்கட்டும் சகாதேவன். வாசனைக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணுங்க. இருபது வருஷமா இந்தத் தெருவுல என் பேர்ல ஒரு புகார் வந்ததில்ல" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

7. மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து திரும்பியதும், பகல் ஒரு மணிக்கு முன்பே, வலையை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி மாடிக் கைப்பிடிச் சுவர் நெடுகக் காயப் போட்டோம். மாலையில் நாற்றம் போய்விட்டது. இனி அதைச் சுருட்டி வைக்க வேண்டும். ஐயா, இதை மற்றவர்களுக்கு விளங்க வைப்பது கஷ்டம். கழுவிக் காய்ந்த வலையை ஓட்டையோடு சுருட்டி வைக்கும் வழக்கம் எங்களில் இல்லை. கடலிலிருந்து வந்ததும் அலசுவோம், காய வைப்போம், கிழிசலை அடைப்போம், பிறகுதான் சுருட்டுவோம். குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிவிட்டு ஈரத்தோடு யாரும் தூங்கப் போடுவதில்லை, அதைப் போலத்தான். நாகம்மாள் வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். பிறகு சொன்னாள்: "இன்னாயா இது, கழுவி காய வெச்சிட்டு இப்பிடியே சுருட்டுனா கை கூசுது. ஊசி எங்கிட்ட இருக்குது."

8. ஊசி அவள் பையில் எப்போதும் இருக்கும். மூட்டை கட்டக் கொண்டுவந்த வலை நூல் கொஞ்சம் இருந்தது. அது முதல் கிழிசலுக்கே தீர்ந்துபோயிற்று. சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. வலையிலிருந்து ஒரு கண்ணியை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைக்குப் போய், நான்கு கடை ஏறி இறங்கி, அதே பச்சை, அதே கனத்தில் நைலான் நூல் வாங்கி வந்தது நான். கடைக்காரர் கொஞ்சம் வெளிறிய பச்சையைக் காட்டியபோது வேண்டாம் என்றதும் நானே. அதை வாங்கியிருந்தால் கிழிசல் இருந்த இடமெல்லாம் கண் தெரியாதவருக்கும் தெரிந்திருக்கும். என் பொல்லாத நேரம், எனக்கு நிறம் பொருந்தியாக வேண்டும் என்று இருந்தது.

9. சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாளும் அடைத்தோம். நாகம்மாள் கண்ணி கட்டினாள். நான் கிழிந்த ஓரங்களை வெட்டிச் சீராக்கிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்வதானால், அந்த விடுதியில் தங்கியிருந்ததில் எங்களுக்கு மனது ஆறுதலாக இருந்தது அந்த மூன்று நாள்தான். தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் மாடியிலிருந்து முடிச்சு எப்படி விழுகிறது என்று கேட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவரே ஞாயிறு மாலை படியேறி வந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏம்மா, ரயில் வண்டிக்குக்கூட இவ்வளவு நறுவிசா வேலை பண்ண மாட்டாளே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

10. சான்றுப் பொருளைச் சீராக்கினால் சான்று போய்விடும் என்று எங்களுக்குத் தோன்றவில்லையா என்று ஐயா கேட்கலாம். சத்தியமாகத் தோன்றவில்லை. எங்கள் குப்பத்தில், கிழிந்த வலையைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. அது வெறும் கந்தல். அடைத்த வலையைக் கையில் கொடுத்தால்தான் விஷயம் தெரியும். கிழிசல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, கல்லில் மாட்டியதா, ஓங்கல் மீன் கடித்ததா, படகு ஏறியதா என்று கட்டிய முடிச்சுகளின் போக்கைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். யார் கை கட்டியது என்றுகூடச் சொல்வார்கள். ஆகவே அதிகாரி சுலபமாகப் பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கு நல்ல உதவி செய்திருக்கிறோம் என்றே நினைத்தோம். படித்த பெரியவர், வலை விசாரணைக்கென்றே நியமிக்கப்பட்டவர், அவருக்கு முடிச்சு தெரியாமல் இருக்கும் என்று நாங்கள் எப்படி நினைப்போம்?

11. செவ்வாயும் வீணாகப் போய், 17.7.85 புதன்கிழமை, பத்தாம் நாள், அதிகாரி எங்களை அழைத்தார். ஏழு நிமிடம் பேசினார். மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை. வலையை விரிக்கச் சொன்னார். விரித்தோம். "கிழிசல் எங்கே?" என்றார். "இதோ ஐயா, இந்த முடிச்சிலேர்ந்து அந்த முடிச்சு வரைக்கும்" என்றேன். "இது அடைத்த இடம். நான் கேட்பது கிழிந்த இடம்" என்றார். நான் மறுபடி அதே இடத்தைக் காட்டினேன். அவர் மறுபடி அதையே கேட்டார். விடுதியில் எல்லோரும் பார்த்தார்கள், கூட்டி வருகிறேன் என்றேன். வெளியாட்கள் சாட்சியம் தேவையில்லை என்று எழுதிக்கொண்டார்.

12. பிறகு வந்த உத்தரவில், "மனுதாரர் முன்னிலைப்படுத்திய வலை முழுமையாகவும் நல்ல நிலையிலும் உள்ளது. சேதம் எதுவும் காணப்படவில்லை. புகார் உண்மைக்குப் புறம்பானது எனத் தீர்மானித்துக் கோப்பு முடிக்கப்படுகிறது" என்று இருந்தது. நாகம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். "நல்ல நிலையில் உள்ளது" என்ற இடம் வந்ததும், "பின்னே, நல்லாத்தானே கட்னேன்" என்றாள். மீதியையும் படித்த பிறகுதான் அழுதாள்.

13. அந்த விசைப்படகு இப்போதும் வருகிறது. முன்பெல்லாம் எங்கள் துண்டைப் பார்த்தால் சற்று விலகவாவது செய்யும். இப்போது அதுவும் இல்லை. ஆகஸ்ட் 26 அன்று எங்கள் குப்பத்துச் சின்னதம்பியின் வலையை அறுத்துக்கொண்டு போயிற்று. புகார் எழுதலாம் வா என்று கூப்பிட்டேன். "நீ போய் பொய்க்காரன்னு பேர் வாங்கினு வந்தது போதாதாண்ணே? நான் வேற வாங்கணுமா?" என்றான். என் ஒருவன் புகார் பொய்யாகிப் போனதால் எங்கள் குப்பத்தில் இனி எவன் வலை கிழிந்தாலும் அது கிழியாத வலைதான்.

14. உத்தரவு வந்த பிறகு 5.8.85 அன்று மார்கரெட் அம்மையாரைப் பார்க்கப் போனேன். நாங்கள் தங்கியிருந்ததற்குப் பதிவேட்டின் நகலும், மாடியில் தாம் கண்டதை எழுதி ஒரு கடிதமும் தந்தார். பேசிக்கொண்டிருக்கையில் சட்டென்று எழுந்து போய் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதம் எடுத்து வந்தார். எதிர்வீட்டுப் பெரியவர் எங்கள் மேல் கொடுத்த புகார்க் கடிதம் அது. நாள் 11.7.85. அதில், "தங்கள் மொட்டை மாடியில் ஆள் புகும் அளவுக்குக் கிழிந்து தொங்கும் மீன்வலை ஒன்று நான்கு நாட்களாக நாறிக்கொண்டிருக்கிறது" என்று தெளிவாக எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறார். எங்கள் வலை கிழிந்திருந்தது என்பதற்கு, அடைக்கும் முன்பே எழுதப்பட்டு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி, எங்களை அங்கிருந்து கிளப்புவதற்காக எழுதப்பட்டது. பெரியவரிடமே போய் அனுமதி கேட்டேன். சங்கடப்பட்டார். "அன்னிக்குக் கோபத்துல எழுதினது. உங்களுக்கு உபயோகப்படும்னா எடுத்துண்டு போங்கோ" என்று சொல்லி, கடிதத்தின் பின்பக்கம் மறுபடி ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் 8.8.85 மனுவிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தேன். யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. தொலைந்துவிடும் என்று பயந்து மூலத்தை நானே வைத்திருக்கிறேன்.

15. இப்போது என் நிலைமை இதுதான். அடைத்த மூன்று துண்டுகளும் என் வீட்டு மூலையில் கோணியில் சுற்றிக் கிடக்கின்றன. அவற்றைக் கடலில் இறக்க எனக்குத் தைரியம் இல்லை. புது முடிச்சு உப்புத் தண்ணீரில் நனைந்து நாலு முறை மீன் இழுத்துவிட்டால் இறுகிவிடும்; நூலின் பளபளப்பும் போய்விடும். அதற்குப் பிறகு எங்கள் குப்பத்துக் கிழவர்களாலேயே பழைய கண்ணி எது, புதுக் கண்ணி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கடிதங்கள் போக, தொட்டுக் காட்ட என்னிடம் மிச்சம் இருக்கும் சாட்சி அந்த முடிச்சுகள் மட்டும்தான். எஞ்சிய இரண்டு துண்டை மட்டும் விட்டால் மீன் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆடியிலிருந்து வஞ்சிரம் கூட்டங்கூட்டமாக ஓடுகிறது. எதிரே மற்றவர்கள் மீனோடு கரையேறுவதைப் பார்த்துக்கொண்டு, முழு வலையை வீட்டில் வைத்துக்கொண்டு, நான் அடுத்தவர் கட்டுமரத்தில் கூலிக்குப் போகிறேன். நாகம்மாள் கோணியைப் பார்க்காமல் வீட்டுக்குள் நடக்கப் பழகிவிட்டாள். ஐயா, எனக்குக் களைப்பாக இருக்கிறது. கடலில் எத்தனையோ நாள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன், இந்தக் களைப்பு வந்ததில்லை.

16. ஆகவே ஐயா அவர்களை இரண்டில் ஒன்று செய்து உதவும்படி வேண்டுகிறேன்.

(அ) வலை கட்டத் தெரிந்த யாரேனும் ஒருவரை, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, ஓர் அதிகாரியோடு அனுப்பி அந்தப் பதினேழு இடங்களையும் பார்க்கச் செய்ய வேண்டும். முடிச்சைப் பார்த்து நம்ப முடியாது, கிழிசலைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அவர்கள் முன்னிலையில் புதுக் கண்ணிகள் ஒவ்வொன்றையும் நானே அறுத்துக் காட்டுகிறேன். பழைய கிழிசல் அப்படியே வாய் திறக்கும். அறுக்கப்போவது அவள் கட்டியதை என்று நாகம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிறேன்.

(ஆ) அப்படி ஆள் அனுப்ப வழியில்லை என்றால், மேற்படி வலையைத் தொழிலுக்குப் பயன்படுத்தினாலும் என் புகார் அதனால் கெடாது என்று எழுத்தில் ஒரு வரி தர வேண்டும்.

இந்த இரண்டும் முடியாது என்றால், முடியாது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினாலே போதும். அது கிடைத்த அன்றைக்கே வலையை மரத்தில் ஏற்றிவிடுவேன். பொய்க்காரன் என்ற பெயரோடு கடலுக்குப் போகப் பழகிக்கொள்வேன், ஐயா. பதில் வரும் வரும் என்று கரையில் நிற்கத்தான் இனி முடியவில்லை.

இணைப்பு: உத்தரவின் நகல், விடுதிப் பதிவேட்டின் நகல், மார்கரெட் அம்மையாரின் கடிதம், எதிர்வீட்டுப் பெரியவரின் புகார்க் கடிதம் (நகல் – மூலம் என்னிடம் உள்ளது, கேட்டால் நேரில் கொண்டு வருவேன்).

இடம்: புதுமேட்டுக்குப்பம்
நாள்: 9.9.85

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) பூ. சகாதேவன்

நாகம்மாள், க/பெ. சகாதேவன் – இடது பெருவிரல் ரேகை
(வலை அடைத்தவர்)